வீட்டுத் தீ அழைப்பு: வண்டிய விட்டு இறங்கும்போது கையில என்ன டூல்?

புதுபூட்ஸ்
எல்லாருக்கும் வணக்கம். ட்ரெயினிங் முடிஞ்சு இப்பதான் வண்டில ஏற ஆரம்பிச்சிருக்கேன். ஹோஸ், பம்ப், பி.ஏ. செட் (முதுகுல மாட்டற மூச்சுக் காத்து சிலிண்டர்) எல்லாம் கைக்குப் பழகிடுச்சு, ஆனா கை டூல் விஷயத்துல மட்டும் ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. கம்பார்ட்மெண்ட்டைத் திறந்தா கோடாரில ரெண்டு வகை, ஹாலிகன் (கதவ நெம்பித் திறக்கற இரும்புக் கம்பு), சம்மட்டி, போல்ட் கட்டர், மூணு சைஸ்ல கொக்கிக் கம்பு (சீலிங்க இழுத்து இறக்கறது), கடப்பாரைன்னு வரிசையா நிக்குது. ஒருத்தர் கோடாரி மட்டும் போதும்ங்கிறார், இன்னொருத்தர் ஹாலிகன் இல்லாம இறங்காதங்கிறார், இன்னொருத்தர் முதல்ல வெறுங்கையோட போய் பாத்துட்டு வந்து தேவையானத எடுத்துக்கலாம்ங்கிறார். எங்க வண்டில நாலு பேர். டிரைவர் பம்ப்கிட்ட நின்னுடுவார், ஆபீசர் ஒருத்தர், மீதி ரெண்டு பேர் நாங்க. சாதாரண வீடு, ஒரு மாடி ரெண்டு மாடி, இந்த மாதிரி அழைப்புக்கு நாங்க மூணு பேரும் யார் யார் என்ன எடுக்கணும்? எப்படிப் பிடிச்சுட்டுப் போகணும்? அனுபவம் உள்ளவங்க கொஞ்சம் விளக்கமா சொல்லுங்க.

சம்மட்டி
தம்பி, "போய் பாத்துட்டு வந்து எடுத்துக்கலாம்"னு சொன்னவர் பேச்ச மட்டும் கேக்காதீங்க. வாசல்ல நின்னு கதவு பூட்டியிருக்குன்னு தெரிஞ்சப்புறம் திரும்ப வண்டிக்கு ஓடி வர்ற நேரம் இருக்கு பாருங்க, உள்ள புகையில படுத்திருக்கிறவங்களுக்கு அந்த நேரம் கிடையாது.

நான் எப்பவும் புதுசா வர்றவங்ககிட்ட கேக்கறது ஒரே கேள்விதான். உங்களுக்கும் உள்ள இருக்கிற ஆளுக்கும் நடுவுல என்ன இருக்கு? ஒரு கதவு, அப்புறம் ஒரு சீலிங், இல்லன்னா ஒரு ஜன்னல். கதவத் திறக்க ஒரு செட், சீலிங்க இறக்க ஒண்ணு, சின்ன நெருப்ப அங்கயே நிறுத்த ஒண்ணு. இந்த மூணும் உள்ள போற மூணு பேர் கையில பிரிஞ்சு இருந்தா போதும், கம்பார்ட்மெண்ட்ல இருக்கிற மத்ததெல்லாம் ரெண்டாவது ட்ரிப்புக்குத்தான்.

உங்க நாலு பேர் வண்டிக்கு நான் சொல்றது இது. ஒருத்தர் கையில ஹாலிகனும் தட்டைத்தலை கோடாரியும், ரெண்டும் சேர்ந்தே இருக்கணும், பிரிக்கக் கூடாது. இன்னொருத்தர் ஹோஸ் எடுக்கிறார்னா அவருக்கு பெரிய டூல் வேணாம், இடுப்புலயோ பாக்கெட்லயோ இருக்கிறது போதும். ஆபீசர்கிட்ட தெர்மல் கேமரா (புகைக்குள்ள சூட்ட வச்சு படம் காட்டறது), நல்ல லைட், அதோட ஒரு 6 அடி கொக்கிக் கம்பு இல்லன்னா சின்ன ஹாலிகன். ஹோஸ் இழுக்காத வண்டில வந்தா ரெண்டாவது ஆள் தண்ணி கேனும் (அழுத்தத்துல தண்ணி அடைச்ச தீயணைப்பு சிலிண்டர்) கொக்கியும் எடுக்கணும்.

ஏணிமேல்
சம்மட்டி அண்ணன் சொன்னதுக்கு மேல ஒண்ணு. தட்டைத்தலை கோடாரின்னு சொன்னத நல்லா கவனிங்க. பின்பக்கம் கூர்முள் வச்ச கோடாரி பாக்க நல்லாருக்கும், கூரை ஓட்டை போட உதவும், ஆனா ஹாலிகன அதால அடிக்க முடியாது. ஹாலிகன் கையில வச்சுட்டு அடிக்க ஒண்ணும் இல்லன்னா இறுக்கமான கதவு முன்னாடி பாதி டூலோட நிக்கற கதைதான். வீட்டு வேலைக்கு எப்பவும் தட்டைத்தலைதான்.

புதுபூட்ஸ்
நன்றி அண்ணா. ஹாலிகன் பத்தி ட்ரெயினிங்ல காமிச்சாங்க, ஆனா ஏன் அந்த வடிவம்னு யாரும் சொல்லல. சாதாரண கடப்பாரை பண்ணாத எத அது பண்ணுது? ரெண்டு பேர் ஸ்டேஷன்ல கடப்பாரையே போதும்னு வாதாடுறாங்க.

பழையவண்டி
இதுக்கு நான் பதில் சொல்றேன், எனக்குப் பிடிச்ச விஷயம்.

நியூயார்க் தீயணைப்புத் துறையில பெரிய பதவில இருந்த ஹியூ ஹாலிகன்ங்கிறவர் 1948-ல வடிவமைச்சது இது. அதுக்கு முன்னாடி அங்க கிளா டூல்னு ஒண்ணு, கெல்லி டூல்னு ஒண்ணு வச்சிருந்தாங்க. கிளா டூல்ல அடிக்கிற இடம் நேர்கோட்டுல இல்லாம ஒரு பக்கம் தள்ளி இருக்கும், அதனால அடிச்சா நழுவும், கனமும் ஜாஸ்தி. அது ரெண்டுலயும் நல்லத எடுத்து ஒரே இரும்புல கொண்டு வந்தார். அவர் துறையோட அதிகாரிங்கறதால அவர்கிட்டயே வாங்கினா நல்லா இருக்காதுன்னு நியூயார்க் முதல்ல வாங்கல, பாஸ்டன் தீயணைப்புத் துறைதான் முதல் பெரிய வாடிக்கையாளர். நியூயார்க் ஆளுங்க கொஞ்ச காலம் சொந்தக் காசுல வாங்கி வச்சிருந்தாங்கன்னா அது எவ்ளோ உபயோகமா இருந்திருக்கும்னு யோசிங்க.

கடப்பாரைக்கு ஒரு முனை, ஒரு வேலை. ஹாலிகன்ல ஒரு பக்கம் ரெண்டு பல் வச்ச ஃபோர்க், மறுபக்கம் ஆட்ஸ்னு சொல்ற தட்டையான அலகு, அதுக்கு செங்குத்தா ஒரு கூர்முள். வழக்கமான நீளம் 30 அங்குலம். ஆட்ஸ் சுமார் 2 அங்குலம் அகலம். ஆட்ஸ கதவு இடுக்குல சொருகி கம்ப மேலயும் கீழயும் அசைச்சா 30-க்கு 2, கிட்டத்தட்ட 15 மடங்கு விசை கிடைக்குது. அதாவது உங்க உடம்பு பலம் முக்கியமே இல்ல, டூல எங்க வைக்கிறீங்கங்கறதுதான் முக்கியம். கடப்பாரைக்காரங்க பலத்த நம்புறாங்க, புகைக்குள்ள பி.ஏ. செட் போட்டுட்டு அந்த பலம் ரொம்ப நேரம் வராது.

வாங்கும்போது ஒண்ணு பாருங்க. ஒரே துண்டா ஃபோர்ஜ் பண்ணினதா (இரும்பக் காய்ச்சி அடிச்சு செஞ்சதா), இல்ல தனித்தனியா செஞ்சு பின் அடிச்சோ வெல்டு வச்சோ சேத்ததான்னு. ரெண்டாவது வகையில இணைப்புல ஆட்டம் வரும், அடிக்கிற விசை பாதி அங்கயே போயிடும். ஃபோர்க் பல் மெல்லிசா, மெதுவா சரிஞ்சு தடிக்கிற மாதிரி இருக்கணும். மொட்டையா தடிமனா இருந்தா இடுக்குல ஏறவே ஏறாது.

நீர்த்திவலை
கோடாரி 6 பவுண்டா 8 பவுண்டா? எங்க ஸ்டேஷன்ல முடியாத சண்டை இது.

சம்மட்டி
8. கேள்வியே இல்ல. ஹாலிகன அடிக்கிறப்போ கனம்தான் வேலை செய்யணும், வீச்சு இல்ல. குறுகலான வராந்தால கோடாரிய முழுசா ஓங்க இடமே இருக்காது, அரை அடி ஒரு அடி தள்ளி வச்சுதான் அடிக்கணும், அப்போ 8 பவுண்டு தலை பண்றத 6 பவுண்டு பண்ணாது.

அறைதேடி
சம்மட்டி அண்ணா, மரியாதையோட மாத்திச் சொல்றேன். எனக்கு உடம்பு சின்னது, உள்ள ஆள் தேடற வேலைதான் ஜாஸ்தி பண்றேன். 8 பவுண்டுன்னா 3.6 கிலோ, 6 பவுண்டு 2.7 கிலோ. ஹாலிகனோட சேத்தா எட்டு கிலோ பக்கம் வந்துடும். அதோட முழு கோட்டு, பி.ஏ. செட்டுன்னு ஏற்கனவே இருபது கிலோவுக்கு மேல உடம்புல இருக்கு. முழங்கால் போட்டு நகர்ந்து ரெண்டு ரூம் தேடினதுக்கப்புறம் அந்த ஒரு கிலோ வித்தியாசம் காத்துல தெரியும், சிலிண்டர் சீக்கிரம் இறங்கும். கதவுக்கு 8 நல்லது, ஒத்துக்கறேன். ஆனா அதே ஆள்தான் கதவத் திறந்துட்டு உள்ள தேடவும் போறான்னா 6 தான் சரி. அடி குறிதவறாம நேரா விழுந்தா 6 பவுண்டே கதவத் திறக்கும், கோணலா விழுந்தா 8-ம் வேஸ்ட்.

சம்மட்டி
நியாயமான பேச்சும்மா. ரெண்டு வேலையும் ஒரே ஆள்னா நீங்க சொல்றத ஏத்துக்கறேன். கதவோட முடிஞ்சு வெளிய நிக்கிற ஆளுக்கு நான் 8-ஐ விட்டுக்குடுக்க மாட்டேன்.

ஏணிமேல்
பவுண்டுக்கு மேல பிடி நீளமும் பாருங்க. 36 அங்குலப் பிடி வெட்டவெளில நல்லாருக்கும், வீட்டுக்குள்ள சுவத்துல இடிக்கும். அதுவும் ஹாலிகனோட சேத்து தூக்கும்போது பிடி ரொம்ப நீளமா இருந்தா தரையில இழுபடும்.

புதுபூட்ஸ்
சேத்து தூக்கறதுன்னா எப்படி? நான் ரெண்டு கையிலயும் ஒவ்வொண்ணா பிடிச்சுட்டு ஓடறேன், ஏணி பிடிக்கக் கூட கை இல்ல.

ஏணிமேல்
அதான் நிறைய பேர் பண்றது. கோடாரி அலகை ஹாலிகன் ஃபோர்க்கோட ரெண்டு பல்லுக்கு நடுவுல சொருகுங்க, ரெண்டு பிடியும் பக்கத்துல பக்கத்துல வரும், ஒரே கையால ரெண்டையும் சேத்துப் பிடிச்சு தூக்கலாம். சில கோடாரிக்கு ஃபோர்க் இறுக்கமா சேராது, அப்போ ஒரு பழைய ட்யூப் துண்டோ வெல்க்ரோ பட்டையோ போட்டு கட்டி வச்சுக்கலாம். ஆனா பட்டை ஒரே இழுப்புல, க்ளவுஸ் போட்ட கையால கழட்டற மாதிரி இருக்கணும், தொங்கற வளையம் எதுவும் விடாதீங்க, கதவுக் கைப்பிடில போய் மாட்டும். கட்டில் காலும் விடாது.

தோள்பட்டைல பெல்ட் போட்டு தொங்க விடறவங்கள பாத்திருக்கேன். வண்டிலேர்ந்து வாசல் வரைக்கும் சரி. புகைக்குள்ள பி.ஏ. ஹோஸோட சிக்கினா பெரிய ஆபத்து. வேணாம்.

ஏணில ஏறும்போது டூல் ஒரு கையில, அந்தக் கையையே ஏணியோட பக்கச் சட்டத்துல டூலோட சேத்து வழுக்கிட்டே போகணும், இன்னொரு கை படிய பிடிக்கணும். கொக்கிக் கம்புன்னா மேல ஒரு படில மாட்டிட்டு ரெண்டு படி ஏறி, திரும்ப எடுத்து மேல மாட்டி அப்படியே போலாம்.

அறைதேடி
கோடாரிய தனியா எடுத்துட்டுப் போறப்போ தலைக்குக் கீழ பிடிச்சு, அலகு உங்க உடம்புக்கு வெளிப்பக்கம் பாத்த மாதிரி வச்சுக்கோங்க. தோள்ல சாத்திட்டு நடக்கவே நடக்காதீங்க, பின்னாடி வர்றவங்க முகமூடி உயரத்துல இருக்கும் அந்த அலகு.

சம்மட்டி
இப்ப கதவுக்கு வர்றேன், இங்கதான் டூல் தேர்வு உண்மையா தெரியும்.

முதல் வேலை, கைப்பிடியத் திருகிப் பாருங்க. சிரிக்காதீங்க, பூட்டாத கதவ உடைச்சு உள்ள போன டீம் நிறைய இருக்கு. பூட்டியிருந்தா எந்தப் பக்கம் திறக்குதுன்னு பாருங்க. கீல் வெளிய தெரிஞ்சா உங்க பக்கம் திறக்கற கதவு, தெரியலைன்னா உள்ளுக்கு.

உள்ளுக்குத் திறக்கற கதவுன்னா பூட்டுக்கு ஆறு அங்குலம் மேலயோ கீழயோ ஆட்ஸ வச்சு, கதவுக்கும் நிலைக்கும் நடுவுல ஒரு இடைவெளி உண்டாக்கணும். அது கிடைச்சதும் ஃபோர்க்க அந்த இடைவெளில வச்சு கோடாரிக்காரர் அடிக்கணும். ஃபோர்க் உள்ள போகப் போக ஹாலிகன் பிடிச்சவர் கம்ப மெதுவா கதவ விட்டு வெளிய, கதவுக்கு நேர் செங்குத்தா கொண்டு வரணும். அப்படி கொண்டு வரலைன்னா பல்லு நிலை மரத்துக்குள்ள போய் புதையும், அப்புறம் எவ்ளோ அடிச்சாலும் கதவு நகராது. பல் முனை கதவோட தடிமனத் தாண்டி உள்பக்கம் போனதும் கம்ப கதவ நோக்கித் தள்ளணும். அது பூட்ட உடைக்கற விசை. நடுவுல ஹாலிகன மாத்தி வைக்கணும்னா கிடைச்ச இடைவெளில கோடாரித் தலைய ஆப்பா சொருகிடுங்க, இல்லன்னா கதவு திரும்ப ஒட்டிக்கும், உழைச்சதெல்லாம் போச்சு.

வெளிப்பக்கம் திறக்கற கதவுன்னா ஃபோர்க்க விட்டுட்டு ஆட்ஸ் பக்கம். பூட்டு பக்கத்துல ஆட்ஸ உள்ள அடிச்சு இறக்கி, கம்ப உங்க பக்கம் இழுங்க.

பேசறது ஹாலிகன்காரர் மட்டும்தான். "அடி", "நிறுத்து", இந்த ரெண்டு வார்த்தை போதும். அவர் கை அங்க இருக்கு, அவர்தான் சொல்லணும். புகையில ஒண்ணும் தெரியலைன்னா கோடாரிய ஹாலிகன் கம்பு மேலயே வழுக்கி கொண்டு போய் அடிங்க, கை தப்பாது.

நீர்த்திவலை
பயனுள்ள ஒரு சின்ன வேலை சேத்துக்கறேன். ஃபோர்க் பல்லுல, முனைலேர்ந்து சாதாரண கதவு தடிமன் தாண்டற தூரத்துல ஒரு மெல்லிசான கோடு அரத்தால போட்டு வைங்க. கோடு கதவோட விளிம்புக்கு வந்ததும் போதும்னு தெரிஞ்சிடும், இருட்டுல விரலால தடவியே பாத்துக்கலாம். எங்க டீம்ல எல்லா ஹாலிகன்லயும் இருக்கு.

வாசல்காவல்
ரொம்ப நேரமா படிச்சுட்டு இருக்கேன், எல்லாரும் கதவத் திறக்கறதப் பத்தி மட்டும் பேசறீங்க. திறந்த கதவ என்ன பண்றீங்க?

யூஎல்ங்கற அமெரிக்கப் பாதுகாப்பு சோதனை அமைப்போட ஆராய்ச்சி ஆளுங்க நிஜமான வீட்டு அளவுல, 1200 சதுர அடி ஒரு மாடி வீடும் 3200 சதுர அடி ரெண்டு மாடி வீடும் கட்டி எரிச்சு பாத்த சோதனை இருக்கு, 2010 ரிப்போர்ட். அதுல காத்துக்கு ஏங்கிட்டு அடங்கிக் கிடந்த தீ, முன்கதவத் திறந்ததும் திரும்ப எழும்பி உள்ள இருக்க முடியாத நிலைமைக்கு வர்றதுக்கு ஒரு மாடி வீட்ல கிட்டத்தட்ட 100 செகண்டு, ரெண்டு மாடி வீட்ல 200 செகண்டுதான். கதவத் திறக்கறதே வென்டிலேஷன். கதவு உடைச்ச உற்சாகத்துல உதைச்சு விரிய விட்டா, தண்ணி வர்றதுக்கு முன்னாடி காத்து உள்ள போயிடும்.

அதனால என்னோட டூல் லிஸ்ட்ல முதல் இடம் ஒரு சின்ன மர ஆப்புக்கும் ஆறடி பட்டை நாடாவுக்கும்தான். நாடாவ கைப்பிடில மாட்டி வச்சுட்டா கதவு உடைஞ்சதும் உள்ள பறந்து போகாது, இழுத்துப் பிடிச்சுக்கலாம். ஹோஸ்ல தண்ணி வந்து உள்ள போனதும் ஒரு ஆள் வாசல்ல நின்னு ஹோஸ் நுழையற அளவு மட்டும் இடம் விட்டு கதவ சாத்திப் பிடிக்கணும். ஆப்ப ஹோஸ் நசுங்காம இருக்கப் போடறோம், கதவ முழுசா விரிக்கப் போடறது இல்ல. அடியில வச்சா கால் பட்டு நகரும், கீல் பக்கம் மேல் கீலுக்குப் பக்கத்துல வைங்க, நகரவே நகராது.

புதுபூட்ஸ்
இத யாரும் எனக்குச் சொல்லல. பாக்கெட்ல வேற என்ன வச்சிருக்கீங்க எல்லாரும்?

வாசல்காவல்
ஆப்பு ரெண்டு மூணு, வயர் கட்டர், ஒரு பட்டை நாடா ஏழெட்டு மீட்டர் வளையமா தைச்சு வச்சது, உதிரி லைட். முடிஞ்சுது. வயர் கட்டர விட்டுடாதீங்க. ஃபால்ஸ் சீலிங் எரிஞ்சு விழும்போது ஏசி டக்ட்டுக்குள்ள இருக்கிற கம்பிச் சுருள் உங்க மேல வந்து விழும், இழுக்க இழுக்க இறுகும், கையால பிச்சு வெளிய வர முடியாது. கட்டர் எந்தக் கைக்கும் எட்டற பாக்கெட்ல இருக்கணும், க்ளவுஸோட எடுத்துப் பழகணும்.

பழையவண்டி
கொக்கிக் கம்பு பத்தி ரெண்டு வரிலயே விட்டுட்டோம். வீட்டுக்கு 6 அடிதான். கை நெஞ்சு உயரத்துல, அதாவது 4 அடில இருக்கு, அதுக்கு மேல கம்போட நீளத்துல ஒரு அடி பிடிக்குப் போனாலும் 9 அடி சீலிங் தாராளமா எட்டும். 8 அடி கம்ப எடுத்துட்டுப் போய் தாழ்வான ரூம்ல நின்னு பாருங்க, கை இடுப்புக்குக் கீழ போயிடும், இழுக்க விசையே வராது. மாடிப்படி திருப்பத்துல வேற திரும்பாது. பெரிய ஹால், உயரமான சீலிங்னு தெரிஞ்சா மட்டும் 8. அலமாரி, பாத்ரூம், படிக்கட்டுக்கு அடில இருக்கிற மாதிரி சின்ன இடத்துக்கு 3 அடி கம்பு ரொம்ப உதவும்.

முனைய பத்தியும் சொல்லணும். பழைய மாதிரி ஒத்தைக் கூர்முனையும் ஒரு சின்ன கொக்கியும் உள்ள கம்பு ஜிப்சம் போர்டுல ஓட்டைதான் போடும், பெரிசா இறக்காது. அகலமான பல் வச்சதுன்னா ஒரு இழுப்புல பெரிய துண்டு வரும். முழுக்க இரும்புல செஞ்ச கூரைக் கொக்கியும் நல்லது, மறுமுனையால நெம்பவும் முடியும், ஆனா கனம், அதோட கரண்ட் கடத்தும். ஃபைபர் பிடி கடத்தாதுன்னு விளம்பரம் பண்ணுவாங்க, ஈரமும் கரியும் படிஞ்ச பிடிய நம்பாதீங்க, மெயின் ஆஃப் பண்ணிட்டாங்களான்னு கேட்டுட்டு இழுங்க.

நீர்த்திவலை
இழுக்கறதுல ஒரு முறை இருக்கு. ரூமுக்குள்ள நடுவுல போய் நின்னுட்டு தலைக்கு மேல இழுக்காதீங்க. வாசல்கிட்டயே ஆரம்பிங்க, வெளிய போற வழி உங்க முதுகுக்குப் பின்னாடி இருக்கணும். கம்ப சாய்ச்சுப் பிடிச்சு மேல குத்தி, அரைத் திருப்பு திருப்பி, உங்கள விட்டுத் தள்ளி இழுங்க. முதல் ஓட்டை ரூமுக்குள்ள கால் வைக்கறதுக்கு முன்னாடியே போட்டுப் பாக்கணும், மேல தீ ஓடிட்டு இருக்கான்னு அங்கயே தெரிஞ்சுடும். தெரியாம அடில நகர்ந்து போயிட்டு அப்புறம் மேல பூரா தீன்னா வழி அடைஞ்சு போயிடும். ஃபேன், லைட் தொங்கற இடத்த விட்டு இழுங்க.

அறைதேடி
தேடற ஆளுக்கு என்ன டூல்னு கேட்டா, ஒரு கை எப்பவும் காலியா இருக்கற மாதிரி ஒண்ணு. எனக்கு ஹாலிகன். பூட்டின பெட்ரூம் கதவத் திறக்கலாம், ஜன்னலத் திறக்கலாம், அவசரம்னா சுவத்த உடைச்சு பக்கத்து ரூமுக்குப் போலாம்.

தரைய டூலால துழாவறத பத்தி ஒரு வேண்டுகோள். இரும்பு முனைய முன்னாடி வீசிக்கிட்டே போகாதீங்க. கட்டிலுக்கு அடில, அலமாரிக்குள்ள ஒளிஞ்சுக்கறது குழந்தைங்கதான். இரும்புத் தலைய கையில பிடிச்சுட்டு பிடி முனைய மெதுவா வீசுங்க, ஏதாவது மெத்துனு பட்டா கையால தொட்டுப் பாருங்க. டூல் கையோட எட்டத்த நீட்டறதுக்குத்தான், தொட்டு உணர்றது க்ளவுஸ் போட்ட கைதான்.

ஜன்னல் வழியா ஏணிலேர்ந்து உள்ள போறப்போ முதல்ல கொக்கிக் கம்பால ஜன்னலுக்கு அடில இருக்கற தரையத் தட்டிப் பாருங்க, தரை இருக்கா, அங்கயே யாராவது விழுந்து கிடக்கறாங்களான்னு. நிறைய பேர் ஜன்னல் வரைக்கும் வந்து அங்கதான் மயங்கி விழுந்திருப்பாங்க. உள்ள இறங்கினதும் முதல் வேலை அந்த ரூம் கதவ சாத்தறது, தேடறது அதுக்கப்புறம். டூல ஜன்னல் அடியிலயே சாத்தி வச்சுட்டா திரும்ப வழி கண்டுபிடிக்க அடையாளமும் ஆச்சு.

ஏணிமேல்
தட்டிப் பாக்கறத பத்தி ஒரு எச்சரிக்கை. கீழ் மாடில தீ, மரத் தரைன்னா தட்டிப் பாத்து கெட்டியா இருக்குன்னு நம்பிடாதீங்க. ஃபேக்டரில மரத் துண்டுகள ஒட்டி செஞ்ச மெல்லிசான விட்டங்கள் எரியறப்போ தட்டறப்போ உறுதியா தெரிஞ்சுட்டு அடுத்த நிமிஷமே இறங்கிடும்னு சோதனைகள்ல பாத்திருக்காங்க. தட்டுங்க, ஆனா தெர்மல் கேமரா, தீ எவ்ளோ நேரமா எரியுது, எங்க எரியுது, எல்லாத்தையும் சேத்து முடிவு பண்ணுங்க.

கண்ணாடி உடைக்கறதும் அப்படித்தான். ஆபீசர் சொன்னாதான் உடைக்கணும். உடைக்கும்போது ஜன்னலுக்குப் பக்கவாட்டுல, காத்து வர்ற பக்கமா நில்லுங்க, மேல் பகுதிய முதல்ல அடிங்க, உங்க கை அடிபடற இடத்த விட உசரத்துல இருக்கணும், இல்லன்னா கண்ணாடித் துண்டு பிடி வழியா வழுக்கி கைக்கு வரும்.

கேன்காரர்
தண்ணி கேன யாரும் மதிக்கறதே இல்ல, அதான் எழுதறேன். பத்து லிட்டருக்குக் கொஞ்சம் கம்மியா தண்ணி, 100 பிஎஸ்ஐ அழுத்தம், முப்பது நாப்பது அடி தூரம் பீய்ச்சும், ஒரு நிமிஷம் பக்கம் வரும். விரல தண்ணி வர்ற குழாய் முனைல வச்சு தெளிப்பா மாத்தினா எரியற ஒரு சோஃபாவ, மெத்தைய, குப்பைத் தொட்டிய நிறுத்திடலாம். அதோட பெரிய வேலை, எரியற ரூமோட கதவ சாத்த முடியாதப்போ தெளிச்சுத் தெளிச்சு தீய உள்ளயே வச்சுட்டு, தேடறவங்களுக்கு நேரம் வாங்கிக் குடுக்கறது. முழுசா காலி பண்ணிடாதீங்க, விட்டு விட்டு அடிங்க. நிரப்பினா பதிமூணு கிலோ பக்கம் வரும், தோள்ல மாட்ட ஒரு பட்டை போட்டுக்கோங்க, அது மட்டும் தோள்ல தொங்கலாம், எங்கயாவது சிக்கினா உடனே கழட்டற கிளிப்போட.

புதுபூட்ஸ்
ஜன்னல்ல கம்பி கிராதி போட்ட வீடு வந்தா? போல்ட் கட்டர் கூட எடுத்துட்டுப் போகணுமா?

சம்மட்டி
போல்ட் கட்டர் முதல் ட்ரிப்ல வேணாம். சாதாரண பூட்டுக்கும் சங்கிலிக்கும் சரி. கடினப்படுத்தின பூட்டு வளையத்த வெட்டப் போனா கட்டர் வாய்தான் பள்ளமாகும். பூட்டு வளையத்துக்குள்ள ஹாலிகனோட கூர்முள்ள விட்டு கோடாரியால அடிச்சா நிறைய பூட்டு பிச்சுட்டு வரும்.

கிராதிய நடுவுல வெட்டணும்னு நினைக்காதீங்க. அது சுவத்துல எங்க பதிச்சிருக்குன்னு பாருங்க, அந்த மூலைல செங்கலும் பூச்சும்தான் பலவீனம். ஃபோர்க்க சுவத்துக்கும் கிராதிச் சட்டத்துக்கும் நடுவுல அடிச்சு இறக்கி நெம்புங்க, ரெண்டு பக்கம் வந்துட்டா மீதிய கையால மடக்கலாம். கான்கிரீட்டுக்குள்ள ஆழமா பதிச்சிருந்தா கை டூலோட நேரத்த வீணாக்காம உடனே கட்டிங் மெஷின கேளுங்க. வீட்டச் சுத்தி ஒரு ரவுண்டு வர்ற ஆள் கிராதி இருக்கறத ரேடியோல சொல்லிடணும், உள்ள இருக்கற டீம் அந்த ஜன்னல வெளிய வர்ற வழின்னு நம்பிட்டு இருக்கக் கூடாது.

புதுபூட்ஸ்
இவ்ளோ விளக்கத்துக்கு நன்றி. இத அப்படியே ஆபீசர்கிட்ட காமிச்சு, வண்டில யார் எந்த சீட்டோ அவருக்கு அந்த டூல்னு முன்னாடியே முடிவு பண்ணச் சொல்லப் போறேன். கடைசியா ஒண்ணு. எங்க டூல்ஸ் எல்லாத்துக்கும் பெயிண்ட் அடிச்சு பளபளன்னு வச்சிருக்கோம், பிடிக்கு வார்னிஷ் போட்டிருக்கு, பிடி வழுக்குது. டேப் சுத்தலாமா?

பழையவண்டி
ஹாலிகன் ஃபோர்க், ஆட்ஸ், கோடாரி அலகு மேல இருக்கற பெயிண்ட்ட மொத்தமா எடுத்துடுங்க. பெயிண்ட் இடுக்குல ஏறும்போது உரசிப் பிடிக்கும், அதுக்கு மேல விரிசல் இருந்தா கண்ணுக்குத் தெரியாம மறைச்சிடும். நடுக் கம்புல அடையாளத்துக்கு ஒரு பட்டை பெயிண்ட்டோ மின்னற டேப்போ போதும். பிசிறு வந்திருந்தா கை அரத்தால தேய்ங்க, கிரைண்டர்ல வைக்காதீங்க, சூடேறி நீலம் பாரிச்சா இரும்போட பதம் போயிடும். கோடாரி அலக ரொம்ப மெல்லிசா தீட்டாதீங்க, ஆணில பட்டா உடைஞ்சு வந்துடும்.

மரப் பிடி வார்னிஷ உப்புத்தாள் போட்டு எடுத்துட்டு ஆளி விதை எண்ணெய் தேய்ச்சு ஊற விடுங்க. டேப்புன்னா கோடாரிப் பிடியோட கீழ் பாதில மட்டும், மெல்லிசான கயித்த சுருளா சுத்தி அதுக்கு மேல துணி டேப் ஒட்டுங்க, மேல் பாதிய விட்டுடுங்க, அடிக்கும்போது மேல் கை வழுக்கி வரணும். முழுக்க சுத்தினா பிடில இருக்கற விரிசலும் தெரியாது. எண்ணெய் தொட்ட துணிய சுருட்டி ஸ்டோர் ரூம் மூலைல போட்டுடாதீங்க, அந்த எண்ணெய் காயறப்போ தானா சூடேறி பத்திக்கும். தண்ணில நனைச்சு, மூடி போட்ட தகர டப்பால போட்டு வெளிய வைங்க.